ஒரு நாளுக்கு ஐந்நூறு குழாய்

ஒரு ரோபோவை விற்க மூன்று எண்கள் போதும். அதன் விலை, அது மாதம் முழுக்கச் செய்யும் வேலைக்கு இப்போது ஆட்களுக்குப் போகும் கூலி, அதை ஓட்ட ஆகும் மாதச் செலவு. கூலியிலிருந்து ஓட்டும் செலவைக் கழிக்க வேண்டும். மிஞ்சும் தொகையால் விலையை வகுக்க வேண்டும். வரும் விடைதான் போட்ட பணம் திரும்பிவர எத்தனை மாதம் என்பது. ஒன்பது வருடங்களாக ஊர் ஊராகப் போய் இந்த வகுத்தலைச் செய்துகொண்டிருக்கிறேன். இன்றும் விடை வரும் கணத்தில் எனக்குள் ஏதோ ஒன்று சரியாகப் பொருந்தி உட்காரும். அதற்காகவே யாராவது கேட்டால், கேட்காவிட்டாலும், முதலிலிருந்து விளக்க ஆரம்பித்துவிடுவேன்.

தென் சீனாவில் ஷுய்கோ என்ற ஊரில், திறந்து மூடும் தண்ணீர்க் குழாய்கள் செய்யும் மாய் முதலாளியின் தொழிற்சாலைக்கும் அந்த மூன்று எண்களோடுதான் போனேன். அவர் தேநீர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, சுண்டுவிரல் உயரக் கோப்பைகளில் ஊற்றியபடி கேட்டார்.

"உங்க மிஷின் நல்லா வேலை செய்யுமான்னு நான் கேக்கல எஞ்சினியரம்மா. செய்யும். எத்தனை மாசத்துல கைக்கு வரும், அத மட்டும் சொல்லுங்க."

"பதினெட்டு மாசம்."

"எப்படி?"

விளக்கினேன். பித்தளைக் குழாய் ஒன்றை எமரி பெல்ட்டில், அதாவது சுழலும் உப்புத்தாள் பட்டையில், தீட்டிப் பளபளப்பாக்க ஒரு ஆளுக்கு அறுபத்தைந்து ஃபென்; நூறு ஃபென் ஒரு யுவான். ஒரு ஆள் பத்து மணி நேரத்தில் ஐந்நூறு குழாய் தீட்டுகிறார். மாதம் இருபத்தாறு நாள் வேலை, எட்டாயிரத்து நானூற்று ஐம்பது யுவான் கூலி. ரோபோவும் மணிக்கு ஐம்பதுதான், ஆனால் ஒரு நாளில் இருபது மணி நேரம் ஓடும். ஆக ஒரு ரோபோ இரண்டு ஆள், பதினாறாயிரத்துத் தொள்ளாயிரம். மின்சாரம், பெல்ட், மேற்பார்வை என்று இரண்டாயிரத்து ஐந்நூறு போனால் மிச்சம் பதினான்காயிரத்து நானூறு. ரோபோவின் விலை இரண்டு லட்சத்து அறுபதாயிரம். வகுத்தால் பதினெட்டு.

"சரி. எங்கிட்ட ஒரு சட்டம் இருக்கு," என்றார் மாய். "ரெண்டு வருஷத்துக்குள்ள திரும்பாத பணத்த நான் போடமாட்டேன். ரெண்டு வருஷத்துல மாடல் மாறிடும், வாங்குறவன் மாறிடுவான். நானே இருப்பேனான்னு டாக்டரக் கேட்டாத்தான் தெரியும். ஒரு மிஷின வச்சு ஓட்டிக் காட்டுங்க. அப்புறம் எங்க ஆள் ஒருத்தன் பக்கத்துல நின்னு ஒரு மணி நேரம் தீட்டட்டும், மிஷினும் தீட்டட்டும். நான் எண்ணுவேன். பதினெட்டு சரின்னா இன்னும் பதினொண்ணு எடுத்துக்கறேன்."

வூஹானில் இருக்கும் எங்கள் மேனேஜர் ஹாவ் அன்று மாலையே போன் செய்தார். "இந்தப் பதினொண்ணும் முடிஞ்சா உனக்கு இங்க ஆபீஸ்ல சீட்டு. இனி பெட்டி தூக்க வேணாம். எழுதியே தர்றேன்."

எனக்கு வூஹானில் பதினோராவது மாடியில் ஒரு வீடு உண்டு. போன வருடம் அதில் பத்தொன்பது இரவு தூங்கினேன். ஒவ்வொரு முறையும் போய்க் குழாயைத் திறந்தால் முதலில் பழுப்பாகத்தான் தண்ணீர் வரும். தெளிவாகும் வரை அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த வீட்டில் எனக்காக ஏதாவது செய்வது அந்தத் தண்ணீர் ஒன்றுதான். எனக்கு முப்பத்தெட்டு வயது. அந்தச் சீட்டு எனக்கு வேண்டியிருந்தது.

*

தீட்டும் கூடத்தில் இருபத்துநாலு பேர் இரண்டு வரிசையாக நிற்பார்கள். ஆளுக்கு ஒரு மோட்டார், அதில் சுழலும் எமரி பெல்ட், எதிரே தூசி உறிஞ்சும் ஒரு வாய். எல்லோரும் முகமூடி போட்டிருப்பதால் கண்ணையும் தோளையும் வைத்துத்தான் ஆளை அடையாளம் காண வேண்டும். யாருக்கும் இந்த வேலை மேல் ஆசை கிடையாது. இருமல்தான் உண்டு. வசந்த விழாவுக்கு, அதாவது சீனப் புத்தாண்டுக்கு, ஊருக்குப் போனவர்களில் பாதிப் பேர் திரும்புவதில்லை என்று மாய் புலம்புவார்.

ரோபோவைக் கூடத்தின் ஒரு மூலையில் கம்பிவேலிக்குள் நிறுத்தினோம். இரண்டாம் நாளே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். குவாங்சி மாகாணத்துக்காரன் வேய்தான் வைத்தான். முப்பது வயது, முகமூடிக்குள்ளிருந்தும் வாய் ஓயாது.

"என்ன எஞ்சினியரம்மா, வீட்டோட மாப்பிள்ளை எந்திரிச்சாச்சா?"

"இன்னும் இல்ல. காத்து அழுத்தம் வரல."

"பாத்தீங்களாடா! ஒன்பது மணிக்குத்தான் எந்திரிக்கிறார். வேலியெல்லாம் போட்டு, ஏசி காத்து ஊதி... நம்மள இந்த வீட்ல யாராவது இப்படிப் பாத்தாங்களா?"

"மாப்பிள்ளை குழந்தை மாதிரி, அவருக்குச் சொல்லித்தர ஒரு டீச்சர் வேற," என்றான் இன்னொருவன். கூடம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஒன்பது வருடத்தில் எத்தனையோ கூடங்களில் எத்தனையோ பெயர்கள். வேலை முடிந்து நான் கிளம்பும்போது அந்தப் பெயர் வைத்தவர்களும் அநேகமாக இருக்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்கும் பாதி தெரியும்.

சிரிக்காதவர் ஒருவர்தான், ரான் மாஸ்டர். குய்சோ மாகாணத்து மலைப்பக்கம். நாற்பத்தேழு வயது, வலது தோள் இடதைவிட ஒரு விரல் தாழ்ந்திருக்கும். பதிமூன்று வருடமாக இதே மோட்டார். கூடத்திலேயே சுத்தமான கை அவருடையது என்பதால் மாய் அவரைத்தான் என்னிடம் விட்டிருந்தார். எந்தக் கோணத்தில் எந்தப் பக்கம் முதலில் என்று கேட்பேன், செய்துகாட்டுவார், பேசமாட்டார்.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் பின்வாசல் எதிரே இருக்கும் கடைக்குப் போவோம். விலாங்குமீன் போட்ட மண்சட்டிச் சோறு. ஷுய்கோக்காரர்களுக்கு அது அமிர்தம். குய்சோ, குவாங்சி, ஹூபேய் நாக்குக்கு அதில் உப்பே இல்லை. ரான் மாஸ்டரின் மனைவி ஊரிலிருந்து மாதம் ஒரு ஜாடி புளித்த மிளகாய் அனுப்புவாள். அவர் அதைத் தன் மேசையில் வைத்து மூடியைத் திறந்ததுமே ஜாடி கிளம்பிவிடும். ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசை, அங்கிருந்து வாசல் பக்கம், கடைக்காரப் பையனின் தட்டு வரை போய்த் திரும்பி வரும்போது ஒரு விரல் குறைந்திருக்கும்.

"மாஸ்டர், உங்க சம்சாரத்துக்கு நாங்க இருபத்துமூணு பேரும் கடன்பட்டிருக்கோம்," என்பான் வேய்.

"அவகிட்ட சொல்லாத. மிளகா அனுப்பறத நிறுத்திடுவா."

முதல் வாரமே ஜாடி என் மேசைக்கும் வந்தது. நான் வூஹான் இருக்கும் ஹூபேய் மாகாணத்துக்காரி என்பதை எப்படியோ கண்டுபிடித்திருந்தார்கள். ஒன்பது வருடத்தில் நான் போன கூடங்களில் நான் கேட்காமலே என் மேசைக்கு வந்த முதல் பொருள் அது.

*

ரோபோ எல்லாம் சரியாகச் செய்தது, ஓர் இடத்தைத் தவிர. குழாயின் உடம்பு கழுத்தாக வளையும் இடம். அங்கே பெல்ட் பட்டதும் நூல் போல ஓர் அலை விழுந்தது. பித்தளையில் கண்ணுக்குத் தெரியாது. குரோம் முலாம் ஏறியதும் கண்ணாடியில் கீறல் விழுந்த மாதிரி தெரியும். நூற்றுக்கு எட்டுக் குழாய் கழிவு. இவ்வளவு கழிவு போனால் பதினெட்டு மாதம் என்ற கணக்கே செல்லாது.

ரோபோவின் கை எங்கே போக வேண்டும் என்று புள்ளி புள்ளியாகச் சொல்லித்தர முடியும். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதுதான் சங்கடம். மனிதக் கை எவ்வளவு அழுத்துகிறது என்று அந்தக் கைக்கே தெரியாது. ஆனால் மோட்டாருக்குத் தெரியும். குழாயை பெல்ட்டில் அழுத்தினால் மோட்டார் திணறும், திணறினால் அதிக மின்சாரம் இழுக்கும். ஆகவே மோட்டாருக்குப் போகும் கம்பியைச் சுற்றி ஒரு கிளாம்ப் மீட்டரை மாட்டி, அளவைக் கணினியில் பதிந்தால், அழுத்தம் ஒரு வரைபடமாக வந்துவிடும். இதைக் கண்டுபிடித்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் அவரைக் கும்பிட வேண்டும்.

ரான் மாஸ்டரின் மோட்டாரில் மாட்டினேன். ஒரு நாள் முழுக்கப் பதிந்தது. மறுநாள் காலை வரைபடத்தைத் திறந்தபோது கழுத்தின் ரகசியம் முதல் பார்வையிலேயே கிடைத்தது. வளைவுக்குச் சற்று முன்பே அவர் அழுத்தத்தைப் பாதியாக்குகிறார், வளைவு முடிந்ததும் திரும்ப ஏற்றுகிறார். ரோபோவுக்கு அதை அப்படியே சொல்லிக்கொடுத்தேன். கழிவு நூற்றுக்கு இரண்டானது. அரை மணி நேர வேலை.

அதோடு மூடியிருக்க வேண்டும். நான் மூடவில்லை. ஒரு வரைபடம் கிடைத்தால் அதன் மேடுகளை மட்டும் பார்த்துவிட்டுப் போக என்னால் முடியாது. பள்ளங்களையும் பார்ப்பேன்.

ஒரு குழாய்க்கு எழுபத்திரண்டு வினாடி. அதில் பெல்ட் தொடுவது நாற்பது. எடுக்க, வைக்க எட்டு. மீதி இருபத்துநாலு வினாடி என்ன செய்கிறார்? மூன்றாவது தேய்ப்புக்குப் பிறகு எட்டு வினாடி சும்மா. ஐந்தாவதுக்குப் பிறகு எட்டு. கடைசியில் எட்டு. ஒவ்வொரு குழாய்க்கும் அதே இடத்தில், அதே அளவு. களைத்துப்போனவன் காலையில் ஒரு மாதிரியும் மாலையில் ஒரு மாதிரியும் நிற்பான். இது காலை எட்டரைக்கும் மாலை ஐந்தரைக்கும் ஒரே மாதிரி இருந்தது. போய்ப் பார்த்தேன். அந்த எட்டு வினாடியில் குழாயைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பக்கத்து மோட்டாரில் வேயும் அதையே செய்தான். அதற்கடுத்தவனும். இருபத்துநாலு பேரும் துடைத்துத் திருப்பிப் பார்த்தார்கள்.

துணியில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

*

மறுநாள் மதியம் கடையில் மற்றவர்கள் எழுந்து போன பிறகு ரான் மாஸ்டரின் எதிரே உட்கார்ந்தேன்.

"மாஸ்டர், நீங்க ஒரு மணி நேரத்துல எழுபத்தஞ்சு தீட்டலாம்."

அவர் சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைக்கவில்லை. சோற்றைப் பார்த்தபடியே, "யார் சொன்னா?" என்றார்.

"உங்க மோட்டார்."

கொஞ்ச நேரம் மென்றார். "முதலாளிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"சொல்லாதீங்க." பிறகு, அது கட்டளையாகத் தொனித்ததோ என்று, "தங்கச்சி," என்று சேர்த்துக்கொண்டார்.

அப்போதுதான் ஐந்நூறின் கதையைச் சொன்னார். ஒன்பது வருடம் முன்பு கூலி தொண்ணூறு ஃபென்னாக இருந்தது. ஊரில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒருவன் தினமும் எண்ணூறு தீட்டினான். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்த முதலாளி, எண்ணூறு முடியும்போது தொண்ணூறு ஃபென் எதற்கு என்று அறுபத்தைந்தாக்கினார். எல்லோருக்கும். அன்று மாலையே கூடத்தில் கூடிப் பேசினார்கள். ஒரு நாளுக்கு ஐந்நூறு, அதற்கு மேல் யாரும் ஒரு குழாய் கூடத் தீட்டக்கூடாது. புதிதாக வருபவனுக்கு முதல் நாள் பெல்ட் மாற்றச் சொல்லித்தருவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவார்கள்.

"அந்த எண்ணூறு தீட்டுன ஆள்?"

"யாரும் பேசல. மூணு மாசம் பாத்தான். போயிட்டான். வீடு முடிஞ்சுதான்னு தெரியல."

"மாஸ்டர், மணிக்கு ஐம்பதுன்னு நீங்க காட்டுறதாலதான் ரோபோ வருது."

இதைச் சொல்லியிருக்கக்கூடாது. என் சீட்டு, என் வீடு, என் தண்ணீர் எல்லாம் நான் வாயை மூடியிருப்பதில்தான் இருந்தது. ஆனால் ஒரு கணக்கு என் தலையில் முழுமையாக நிற்கிறது, எதிரே இருப்பவருக்கு அதன் பாதிதான் தெரிகிறது என்றால், என்னால் சும்மா உட்கார முடியாது. அது என் பழக்கம். பையிலிருந்த பேனாவை எடுத்து, கடையின் காகிதக் கைத்துணியில் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

"இங்க பாருங்க. ரோபோ விலை மாறாது. அது எதோட போட்டி போடுது? ஒரு குழாய்க்கு உங்களுக்குப் போற அறுபத்தஞ்சு ஃபென்னோட. மாய் முதலாளிக்கு ரெண்டு வருஷம்தான் எல்லை. அறுபத்தஞ்சுல கணக்குப் பண்ணினா பதினெட்டு மாசம், வாங்கிடுவாரு. நீங்க எழுபத்தஞ்சு தீட்டுவீங்கன்னு தெரிஞ்சா கூலிய நாப்பத்தஞ்சாக்குவாரு. நாப்பத்தஞ்சுல ரோபோவ வகுத்தா இருபத்தெட்டு மாசம். வாங்கமாட்டாரு."

கைத்துணியைத் தன் பக்கம் திருப்பினார். விரலை ஒவ்வொரு எண்ணின் மேலும் வைத்து நகர்த்தினார். ஊதாப் பேனா மை அவர் விரல் ஈரத்தில் பரவியது.

"கூலிய நாங்க காப்பாத்துனோம்," என்றார். "கூலி எங்களக் கொண்டுபோகுது."

"ஆமா."

"நாப்பத்தஞ்சுல அதே பணம் வரணும்னா?"

"எழுநூத்தி இருபது தீட்டணும். துடைச்சுப் பாக்குற அந்த எட்டு வினாடியெல்லாம் போயிடும்."

அவர் ஜாடியின் மூடியைத் திருகினார், திறந்தார், மறுபடி திருகினார். "எனக்குப் பதிமூணு வருஷம் நாலு மாசம் ஆச்சு," என்றார். பென்ஷனைச் சொல்கிறார் என்று புரிந்தது. பதினைந்து வருடம் கட்டினால்தான் வயதான பிறகு மாதாமாதம் பணம் வரும். தொழிற்சாலை தன் பங்கைக் கட்டும் வரைதான் அவரால் கட்ட முடியும். "இன்னும் இருபது மாசம். இந்தத் தோளை வச்சுக்கிட்டு வேற எவன் என்ன எடுப்பான்?"

"மத்தவங்ககிட்ட சொல்லுங்களேன்."

"என்னன்னு சொல்றது? கூலிய வெட்ட விடுங்கடா, நல்லதுன்னா? அதுவும் மிஷின்கார அம்மா சொன்னான்னா?" முதல் முறையாகச் சிரித்தார். பல் தெரியாத சிரிப்பு. "எப்போ அந்தப் போட்டி?"

"வெள்ளிக்கிழமை காலைல. உங்களத்தான் நிறுத்தப் போறாரு."

"தெரியும்," என்றார்.

அவர் என்ன செய்யப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. கைத்துணியை நான்காக மடித்து முகமூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

*

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மாய் முதலாளி தேநீர்க் குடுவையோடு கூடத்துக்கு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கணக்காளரான அவர் மைத்துனர் பக்கத்தில் கணக்கு நோட்டோடு நின்றார். மற்ற மோட்டார்களை நிறுத்தச் சொன்னார்கள். இருபத்துமூன்று பேரும் முகமூடியை இறக்கி சுவரோரம் நின்றார்கள். அப்போதுதான் அவர்கள் எல்லோருடைய முழு முகத்தையும் ஒன்றாகப் பார்த்தேன்.

"மாஸ்டர், மாப்பிள்ளைக்கு மரியாதை குடுங்க. முந்திடாதீங்க!" என்றான் வேய். எல்லோரும் சிரித்தார்கள். அது வேடிக்கை போலவே இருந்தது. அது நினைவூட்டல் என்று எனக்கும் ரான் மாஸ்டருக்கும் தெரியும்.

நான் ரோபோவை ஓட்டினேன். அவர் முதல் குழாயை எடுத்தார்.

முதல் தேய்ப்பு, இரண்டாவது, மூன்றாவது. துணி அவர் இடது பக்கம் ஆணியில் தொங்கியது. அவர் கை துணியை நோக்கிப் போகும் இடம் வந்தது. போகவில்லை. நான்காவது, ஐந்தாவது, கழுத்து, கழுத்தில் அந்தப் பாதி அழுத்தம், முடிந்தது. பெட்டியில் போட்டார். அடுத்தது.

ஐந்து நிமிடம் வரை சுவரோரம் யாரும் கவனிக்கவில்லை. பிறகு ஒருவன் பக்கத்திலிருந்தவனின் முழங்கையைத் தட்டினான். பத்தாவது நிமிடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. மோட்டாரின் சத்தம் மாறியிருந்தது. எப்போதும் ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி வரும் சத்தம் இப்போது இடைவெளி இல்லாமல் ஒரே இழுப்பாக வந்தது. அவர் உடம்பு முழுவதும் இடுப்பிலிருந்து முன்னும் பின்னும் அசைந்தது. தாழ்ந்த தோள் எதற்காகத் தாழ்ந்திருக்கிறது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. அந்த உயரத்தில் முழங்கை பெல்ட்டுக்கு நேராக நிற்கிறது.

அருகில் என் ரோபோ எழுபத்திரண்டு வினாடிக்கு ஒன்றாக, அவசரமில்லாமல் வைத்துக்கொண்டே இருந்தது. அவர் கற்றுக்கொடுத்த கழுத்தை அது அவரைப் போலவே தீட்டியது. அதற்கு மேல் வேகம் அதனிடம் இல்லை.

"ரான் மாஸ்டர்," என்றான் வேய், மெதுவாக. பிறகு சத்தமாக, "மாஸ்டர்!"

அவர் திரும்பவில்லை. முகமூடிக்கு மேல் கண்கள் குழாயில்தான் இருந்தன.

நாற்பதாவது நிமிடத்தில் சுவரோரம் நின்றவர்களில் ஒருவன் வெளியே போனான். பிறகு இருவர். மாய் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார், தேநீர் ஆறியிருந்தது. மணி பதினொன்றானபோது கூடத்தில் முதலாளி, மைத்துனர், நான், ரான் மாஸ்டர், வேய் மட்டும்தான். வேய் வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்தான்.

மைத்துனர் எண்ணினார். ரோபோ ஐம்பது, ஒன்று கழிவு. ரான் மாஸ்டர் எழுபத்தாறு, கழிவு இல்லை.

மாய் சிரித்தார், ஆனால் அந்தச் சிரிப்பு எனக்காக இல்லை. போனை எடுத்துக் கணக்குப் போட்டார். "எழுபத்தஞ்சுன்னு வச்சுக்குவோம்... இத்தன வருஷமா..." என்று சொல்லிக்கொண்டே விரலால் தட்டினார். பிறகு போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். இருபத்தெட்டு. நான் கைத்துணியில் எழுதிய அதே எண்.

"சாரிம்மா," என்றார். "உங்க மிஷின் நல்ல மிஷின். என் ஆளுங்க அதவிட மலிவு."

*

முதல் தேதியிலிருந்து கூலி நாற்பத்தைந்து ஃபென் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். மேனேஜர் ஹாவ் போனில் கத்தவில்லை, அதுதான் மோசம். "ஒரு மணி நேரம்னா யாரும் வேகமாத்தான் செய்வான், எட்டு மணி நேரப் போட்டின்னு வச்சிருக்கணும்," என்று மட்டும் சொன்னார். வூஹான் சீட்டு வேறு ஒருவருக்குப் போனது. ரோபோவைப் பிரித்துக் கட்டிவிட்டு அடுத்து யூஹுவானில் ஒரு வால்வு தொழிற்சாலைக்குப் போகச் சொன்னார்.

கட்டிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு மதியம் பின்வாசலில் புகைத்துக்கொண்டிருந்தவர்களிடம் போனேன். அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து அதில் எழுதிக் காட்ட ஆரம்பித்தேன். அறுபத்தைந்து, பதினெட்டு, நாற்பத்தைந்து, இருபத்தெட்டு. நன்றாகத்தான் விளக்கினேன். ஒன்பது வருடத்தில் அதைவிடத் தெளிவாக நான் எதையும் விளக்கியதில்லை.

வேய் பொறுமையாகக் கேட்டான். "எஞ்சினியரம்மா, உங்க மிஷின் தோத்துப்போச்சு. அதுக்கு நீங்க அழுங்க. எங்க கூலி போச்சு, அதுக்கு நாங்க அழறோம். ரெண்டையும் ஒண்ணாக் கலக்காதீங்க."

"இல்லாட்டி நீங்க எல்லாருமே..."

"போயிருப்போமா? யார் சொல்றது? மிஷின் விக்கிறவங்க சொல்றாங்க." சிகரெட்டைக் காலால் நசுக்கினான். "அவர் எங்ககூட ஒன்பது வருஷம் துடைச்சாரு. ஒரு மணி நேரத்துல எல்லாத்தையும் வித்துட்டாரு. எழுதிக் காட்டுறதுக்கு அதுல என்ன இருக்கு?"

அட்டையை நான்தான் திரும்ப எடுத்து வந்தேன்.

கிளம்பும் நாள் மதியம் மண்சட்டிக் கடைக்குப் போனேன். கூடத்து ஆட்கள் உள்பக்க மேசைகளில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். வாசலோர மேசையில் ரான் மாஸ்டர் தனியாக. எதிரே உட்கார்ந்தேன். ஜாடி அவர் முன்னால் மூடி திறந்து இருந்தது. புதிது. விளிம்பு வரை மிளகாய் நிறைந்து, மேலே எண்ணெய் அசையாமல் நின்றது. உள்பக்க மேசையில் யாரோ சோற்றில் உப்பில்லை என்று கடைக்காரரிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் ஜாடியைக் கேட்கவில்லை.

"இன்னொரு தடவ சொல்லுங்க," என்றார் ரான் மாஸ்டர்.

"எத?"

முகமூடிப் பையிலிருந்து அந்தக் கைத்துணியை எடுத்தார். மடிப்புகளில் கிழிந்திருந்தது. "முதல்ல இருந்து."

சொன்னேன். விலை, கூலி, ஓட்டும் செலவு. கழித்து, வகுத்து. பதினெட்டு. நாற்பத்தைந்தில் இருபத்தெட்டு. தலையாட்டிக்கொண்டே வந்தவர், முடிந்ததும் ஒரு விரலை முதல் எண்ணின் மேல் வைத்தார்.

"இந்த ரெண்டு லட்சத்து அறுபதாயிரம். இது மாறாதுன்னு சொன்னீங்க."

அன்று அவசரத்தில் அப்படித்தான் சொல்லியிருந்தேன். இப்போது வெறுமனே ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு அதுதான் நல்லது என்று தோன்றியது. ஆனால் அவர் விரல் சரியான இடத்தில் இருந்தது, இதுவரை என்னிடம் யாரும் அந்த இடத்தில் விரல் வைத்ததில்லை.

"மாறும் மாஸ்டர். ரோபோ செய்றவங்க அதிகமாயிட்டே இருக்காங்க, மோட்டார் எல்லாம் இப்போ இங்கயே செய்றாங்க. வருஷத்துக்குப் பத்து சதவீதம் குறையும்."

"அப்போ எப்ப இது இருபத்துநாலுக்குள்ள வரும்?"

கைத்துணியில் இடமில்லை. மனதுக்குள் கணக்குப் போட்டேன். "பதினெட்டு, பத்தொம்பது மாசத்துல."

"அப்புறம் மறுநாளே வந்துருமா?"

"இல்ல. ஆர்டர் போடணும், செய்யணும், கொண்டுவந்து பொருத்தணும், சொல்லித்தரணும். மூணு மாசமாவது ஆகும்."

"இருபத்தொண்ணு."

"ஆமா."

"எனக்கு இருபது போதும்," என்றார் ரான் மாஸ்டர். அப்படிச் சொன்னபோது உள்பக்க மேசைகளை ஒரு முறை பார்த்தார். அவர்களில் யாருக்கு எத்தனை மாதம் வேண்டும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. யாரும் எங்களிடம் சொல்லப்போவதும் இல்லை.

"பொருத்த யார் வருவாங்க? நீங்களா?"

"யார அனுப்புவாங்கன்னு தெரியாது."

"நீங்களே வாங்க தங்கச்சி," என்றார். "இங்க பேசுறதுக்கு ஒரு ஆளாவது இருக்கும்."

கைத்துணியை மறுபடி மடித்தார். ஜாடியை என் பக்கம் தள்ளினார். நான் ஒரு கரண்டி எடுத்துச் சோற்றில் போட்டுக் கலந்தேன். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குக் காரம். ஜாடியில் ஒரு கரண்டி அளவுக்குப் பள்ளம் விழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் நாலாபக்கமும் நகர்ந்து வந்து அதை மூடியது.